மென்னிழையப் புற்றுநோய் திரும்பியதா என்று பார்க்கும் எம்.ஆர்.ஐ: யாழ்ப்பாணத்து நோயாளருக்கும் வீட்டாருக்கும்

தொடையிலோ தோளிலோ இருந்த கட்டியை வெட்டி எடுத்து, தேவைப்பட்டவர்களுக்குக் கரண்டும் (கதிர்ச் சிகிச்சை) பிடித்து, காயம் ஆறி வீட்டுக்கு வந்த பிறகு கிளினிக்கில் ஒரு துண்டு தருவார்கள்: "எம்.ஆர்.ஐ எடுத்துக்கொண்டு வாங்கோ." நோய்தான் போய்விட்டதே, இனி என்ன ஸ்கான் என்று சிலர் அதை மடித்துக் கொப்பிக்குள் வைத்துவிடுகிறார்கள். வேறு சிலர் துண்டைக் கண்டதுமே நோய் திரும்பிவிட்டது என்று முடிவு கட்டி, சாப்பாடு தண்ணி இல்லாமல் கிடக்கிறார்கள். அநேகமாக அது முன்பே திட்டமிட்ட கண்காணிப்பு, அவ்வளவுதான். அதற்கு எப்படி ஆயத்தமாவது, எதைக் கொண்டுபோவது, அறிக்கை வந்தால் எப்படி வாசிப்பது என்பதை இங்கே எழுதுகிறேன். முடிவு எடுப்பவர் உங்கள் வைத்தியர். அவரிடம் எதைக் கேட்பது என்று தெரிந்துகொண்டு போக இது உதவும்.

எதைத் தேடுகிறார்கள்

தசை, கொழுப்பு, நார் இழையம், நரம்பு, குருதிக்குழாய் போன்றவற்றில் தொடங்கும் பலவகைப் புற்றுநோய்களை ஒன்றாகச் சேர்த்து மென்னிழையப் புற்றுநோய் என்கிறார்கள். டொக்டர்மார் வாயில் அது சார்க்கோமா. வளர்ந்தவர்களுக்கு வரும் புற்றுநோய்களில் நூற்றில் ஒன்று அளவுதான் இது. அதனால் ஊரில் இதே நோய் வந்து பட்டறிந்த ஆளைக் கண்டுபிடிப்பது கஷ்டம். மார்புப் புற்றுநோய் வந்த சித்தியின் அனுபவத்தை வைத்து உங்களுக்கு ஆலோசனை சொல்வார்கள். நல்ல மனதோடுதான் சொல்வார்கள், ஆனால் பல இடத்தில் அது பொருந்தாது.

இந்த நோய் வெட்டிய இடத்திலேயோ அதை அண்டியோ திரும்பலாம். அல்லது தூரத்தில் போய் முளைக்கலாம், அதில் முதலிடம் நுரையீரலுக்கு. எம்.ஆர்.ஐ முக்கியமாக வெட்டிய இடத்தைப் பார்ப்பதற்கு. நெஞ்சுக்கு எக்ஸ்ரேயோ சி.டி ஸ்கானோ தனியாக எழுதுவார்கள். "காலிலதானே வருத்தம், ஏன் நெஞ்சுப் படம்?" என்று கேட்டு அதைத் தவறவிடாதீர்கள். இரண்டும் சேர்ந்ததுதான் கண்காணிப்பு.

திரும்புவதென்றால் பெரும்பாலும் முதல் 2, 3 ஆண்டுகளுக்குள்தான். ஆகவே வேகமாக வளரும் வகைக்கு முதல் 2, 3 ஆண்டுகள் 3 அல்லது 4 மாதத்துக்கு ஒருமுறை, பிறகு 5ஆம் ஆண்டு வரை ஆண்டுக்கு இரண்டு தடவை, அதன் பின் ஆண்டுக்கு ஒரு தடவை பார்க்கச் சொல்கின்றன ஐரோப்பிய வழிகாட்டல்கள். மெதுவாக வளரும் வகைக்கு இடைவெளி கூடும். ஒவ்வொரு முறையும் எம்.ஆர்.ஐ எடுக்க வேண்டும் என்று இதற்கு அர்த்தமில்லை. தோலுக்குக் கீழேயே இருந்த சின்னக் கட்டியென்றால் வைத்தியரின் கையும் ஒரு அல்ட்ராசவுண்டும் போதுமாக இருக்கலாம். தொடைத் தசைக்குள் ஆழமாக இருந்ததென்றால் கைக்கு எட்டாது, அங்கே எம்.ஆர்.ஐ உதவும். வயிற்றின் பின்பக்கம் வந்த சார்க்கோமாவுக்குப் பெரும்பாலும் சி.டியைத்தான் எடுப்பார்கள். பக்கத்துக் கட்டில் ஆளுக்கு எழுதியது உங்களுக்கு எழுதப்படவில்லை என்றால் அதற்குக் காரணம் இருக்கும். கேளுங்கள், சொல்வார்கள்.

முதல் வேலை: பழைய படங்களைச் சேர்ப்பது

இந்தக் கட்டுரையில் ஒன்றைத்தான் நினைவில் வைப்பீர்கள் என்றால் இதை வையுங்கள். வெட்டித் தைத்த இடத்தின் ஒற்றை எம்.ஆர்.ஐ படம் எவ்வளவு பெரிய நிபுணரையும் குழப்பும். தழும்பு, தேங்கிய நீர், கதிர்ச் சிகிச்சையால் வீங்கிய தசை எல்லாம் அதில் கலந்து தெரியும். போன படத்தைப் பக்கத்தில் வைத்தால்தான் எது புதிது, எது பெருத்தது, எது சுருங்கியது என்று தெரியும். பிள்ளை வளர்ந்திருக்கிறதா என்று போன வருடத்துச் சட்டையைப் போட்டுப் பார்ப்பது போல.

அதனால்தான் சிகிச்சை முடிந்து சுமார் 3 மாதமளவில், அறுவைக் காயத்தின் ஆரம்ப வீக்கம் வடிந்த பிறகு, ஒரு அடிப்படை எம்.ஆர்.ஐ எடுத்து வைப்பார்கள். இனி வரும் படங்களெல்லாம் அதோடுதான் ஒப்பிடப்படும். உங்களுக்கு அப்படி ஒன்று எடுக்கப்படவில்லை என்றால் அடுத்த கிளினிக்கில் கேளுங்கள்.

எங்கள் பக்கத்து நோயாளரின் வரலாறு பெரும்பாலும் பல ஊர்களில் சிதறிக் கிடக்கும். கட்டியை முதலில் பார்த்தது பெரியாஸ்பத்திரியில், கதிர்ச் சிகிச்சை தெல்லிப்பழையிலோ மகரகமவிலோ உள்ள புற்றுநோய் ஆஸ்பத்திரியில், ஒரு ஸ்கான் கொழும்பில் தனியாரிடம். சிலருக்கு ஒப்பரேஷன் சென்னையில். ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு படம். இவற்றை ஒன்றுசேர்க்கக்கூடிய ஆள் நீங்கள்தான்.

ஒரு கோப்பில் இவை இருக்க வேண்டும்: ஒப்பரேஷனுக்கு முந்திய எம்.ஆர்.ஐ (கட்டி எப்படித் தெரிந்தது என்பது இதில்தான் இருக்கிறது, ஆகவே முக்கியம்), அடிப்படை எம்.ஆர்.ஐ, அதற்குப் பிந்தியவை, இழையப் பரிசோதனை அறிக்கை, ஒப்பரேஷன் குறிப்பு, கதிர்ச் சிகிச்சை எப்போது எந்த இடத்துக்கு என்ற விபரம், கிளினிக் கொப்பி. பிலிமைவிட சி.டி தட்டு (படங்களைப் பதிந்து தரும் தட்டு, சி.டி ஸ்கான் அல்ல) முக்கியம். பிலிமில் வருவது தெரிந்தெடுத்த சில படங்கள், தட்டில்தான் முழுவதும் இருக்கும். வீட்டுக்கு வந்த அன்றே அந்தத் தட்டில் உள்ளதை ஒரு பென் டிரைவிலும் ஏற்றி வையுங்கள். இந்த வெக்கையிலும் கறையானிலும் எத்தனை வருடம் தட்டு தாங்கும் என்று சொல்ல முடியாது.

கனடாவிலோ லண்டனிலோ இருக்கிற சொந்தக்கார டொக்டருக்குக் காட்டப் போகிறீர்களா? நல்லது. ஆனால் பிலிமை யன்னல் வெளிச்சத்தில் பிடித்து போனில் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். அதில் அவரால் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. சி.டி தட்டில் இருக்கும் முழுக் கோப்புறையையும் அப்படியே அனுப்புங்கள்.

முடியுமென்றால் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில், ஒரே மெசினில் எடுப்பது நல்லது. ஒப்பிடுவது சுலபமாகும். அதற்காக மாதக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டாம்.

இரண்டாவது: உடம்புக்குள் என்ன இரும்பு இருக்கிறது

எம்.ஆர்.ஐயில் எக்ஸ்ரே, சி.டி ஸ்கான் போல அயனாக்கும் கதிர்வீச்சு இல்லை. பலமான காந்தமும் வானொலி அலைகளும்தான். 1.5 டெஸ்லா மெசின் ஒன்றின் காந்தப் புலம் பூமியினுடையதைப் போல சுமார் 30,000 மடங்கு. மெசின் ஓடாமல் சும்மா நிற்கும்போதும் அந்தக் காந்தம் அணைவதில்லை. இதனால்தான் வாசலில் அத்தனை கேள்வி கேட்கிறார்கள்.

அந்தப் படிவத்தில் வழக்கமான கேள்விகள் இருக்கும்: பேஸ்மேக்கர், மூளையில் கிளிப், காதுக்குள் பொருத்திய கருவி, இதய வால்வு, என்புக்குள் வைத்த தகடு. எங்களுக்கு இன்னொன்று இருக்கிறது. போர்க்காலத்தில் காயப்பட்டு, எடுக்காமல் விட்ட ஷெல் துண்டோ சன்னமோ உடம்புக்குள் இருப்பவர்கள் வடக்கில் நிறையப் பேர். ஆண்டுகள் கடந்துவிட்டதால் பலருக்கு அது நினைவிலேயே இல்லை. சிலர் கேட்டாலும் சொல்வதில்லை, பழைய கதையைக் கிளற விருப்பமில்லை. ஆனால் இந்த இடத்தில் சொல்லியே ஆக வேண்டும். "தம்பி, என்ர முதுகில ஒரு துண்டு கிடக்கு, அப்ப எடுக்கேல்லை" என்று கதிர்ப்படம் எடுப்பவரிடம் சொன்னால் போதும். எப்போது, எப்படிப் பட்டது என்று அவர் விசாரிக்கப் போவதில்லை, எந்த இடத்தில் என்றுதான் கேட்பார்.

ஷெல் துண்டு பெரும்பாலும் இரும்பு, காந்தம் அதை இழுக்கும். சன்னத்தில் ஈயமும் செம்பும் மட்டுமென்றால் இழுக்காது, உள்ளே உருக்கு இருந்தால் இழுக்கும். வெளியிலிருந்து அதைச் சொல்ல முடியாது. ஆகவே முதலில் எக்ஸ்ரே எடுத்துத் துண்டு எங்கே இருக்கிறது என்று பார்ப்பார்கள். தசைக்குள் பல ஆண்டுகளாக நாரில் இறுகிப்போன சின்னத் துண்டு அநேகமாக அசையாது. கண்ணுக்குள், முள்ளந்தண்டுக்குக் கிட்ட, மூளைக்குள், பெரிய குருதிக்குழாய்க்குப் பக்கத்தில் என்றால் கதை வேறு. ஸ்கான் எடுக்கலாமா விடலாமா என்பதைக் கதிரியக்க நிபுணர் தீர்மானிப்பார். ஆபத்தில்லாத துண்டாக இருந்தாலும் தழும்புக்குப் பக்கத்தில் இருந்தால் அந்த இடத்தில் படம் கறுத்து விழுந்து எதுவும் தெரியாமல் போகலாம். அதையும் முன்கூட்டியே சொன்னால் படமெடுக்கும் முறையை மாற்றுவார்கள், அல்லது அல்ட்ராசவுண்டுக்குப் போவார்கள். தொடை என்பில் தகடோ கம்பியோ வைத்தவர்களுக்கும் இதுதான்.

வெல்டிங் பட்டறையிலோ லேத்திலோ வேலை செய்தவர்கள் கண்ணில் இரும்புத்தூள் பட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள். ஜெய்ப்பூர் கால் போட்டவர்கள் அதைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், துணைக்கு ஒரு ஆளைக் கூட்டிப்போனால் நல்லது.

மூன்றாவது: ஊசி மருந்து

நோய் திரும்பியதா என்று பார்க்கும் ஸ்கானில் பெரும்பாலும் காடோலினியம் கலந்த மருந்து ஒன்றை நாளத்துக்குள் ஏற்றுவார்கள். இது ஏன் அவசியம் என்பதைப் பின்னால் சொல்கிறேன். சிறுநீரகம் மிகவும் பலவீனமானவர்களுக்கு இந்த மருந்தில் அவதானம் வேண்டும். எனவே முன்கூட்டியே குருதியில் கிரியேற்றினின் பார்க்கச் சொல்வார்கள். நீரிழிவும் பிரஷரும் நீண்டகாலம் இருப்பவர்கள் அந்த அறிக்கையைக் கையோடு கொண்டுபோங்கள். அது இல்லாமல் போய்த் திரும்பி வருவது சும்மா ஒரு நாள் வீண். முன்பு ஸ்கான் ஊசிக்கு உடம்பு தடித்தது, மூச்சு முட்டியது என்றால் சொல்லுங்கள். கர்ப்பம் இருக்கலாம் என்றாலும் சொல்லுங்கள். பால் கொடுக்கும் தாய்மார் நிறுத்த வேண்டியதில்லை என்பதுதான் இப்போதைய பொதுவான கருத்து, அதையும் ஒருமுறை கேட்டுக்கொள்ளலாம். வெறும் வயிற்றோடு வரவேண்டுமா என்பது இடத்துக்கு இடம் மாறும். சொல்லாவிட்டால் வழக்கம்போலச் சாப்பிட்டு, வழக்கமான குளிசைகளையும் போட்டுக்கொண்டு போங்கள்.

ஸ்கான் அன்று

நகையெல்லாம் வீட்டில். தாலிக்கொடியைக் கழற்ற அம்மாமார் தயங்குவார்கள். தங்கம் காந்தத்தில் ஒட்டாதுதான், ஆனால் கொடியோடு கோத்திருக்கும் ஊசிகள் ஒட்டும். கூட வந்த மகளிடம் கழற்றிக் கொடுத்துவிட்டு, வெளியே வந்ததும் போட்டுக்கொள்ளலாம். தாயத்து, அரைஞாண், கொண்டை ஊசி, கட்டுப்பல், காது கேட்கும் கருவி, மணிக்கூடு, போன், ஏ.டி.எம் அட்டை ஒன்றும் உள்ளே போகக்கூடாது. சரிகைச் சேலையும் வேண்டாம், பருத்தி உடுப்பு போதும்.

அடுத்தது பலர் செய்யாத வேலை. தழும்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, குழாய் வைத்து நீர் எடுத்த துளை எங்கே, கரண்ட் பிடித்த இடம் எது, இப்போது உங்கள் கைக்கு ஏதாவது தட்டுப்படுகிறதா என்பதையெல்லாம் கதிர்ப்படம் எடுப்பவருக்கு விரலால் தொட்டுக் காட்டுங்கள். நோய் திரும்பினால் இந்த எல்லைக்குள் எங்கும் வரலாம், எனவே முழுவதும் படத்துக்குள் அடங்க வேண்டும். தழும்பின் இரு முனையிலும், சந்தேகமான இடத்திலும் மீனெண்ணெய்க் குளிசையை ஒட்டுவது பல இடங்களில் வழக்கம். எண்ணெய் படத்தில் பளிச்சென்று தெரியும், அதை வைத்து இடத்தைப் பிடிப்பார்கள். உங்களுக்கு அப்படி ஒட்டினால் பயப்பட ஒன்றுமில்லை.

உள்ளே 30 முதல் 60 நிமிடம் வரை ஆகலாம். சத்தம் பயங்கரமாக இருக்கும், காதுக்கு அடைப்பான் தருவார்கள். கால், தொடை என்றால் பெரும்பாலும் கால்பக்கமாக உள்ளே விடுவார்கள், தலை வாசலுக்குக் கிட்ட இருக்கும். தோள் என்றால் தலையும் உள்ளே போகும். மூடிய இடத்துக்குப் பயமென்றால் ஸ்கான் அன்று அல்ல, திகதி எடுக்கும்போதே சொல்லுங்கள், பயம் தணிய மருந்து தருவதா என்று யோசிப்பார்கள். உள்ளே போவதற்கு முன்பே கண்ணை மூடிக்கொள்வது நல்ல உபாயம். கையில் ஒரு பந்து தருவார்கள், அமுக்கினால் நிறுத்துவார்கள். அசைந்தால் படம் கலங்கும். இருமல், சளி என்றால் மாறவிட்டுத் திகதியை மாற்றிக் கேட்கலாம். நல்லூர்த் திருவிழா முடியட்டும் என்று தள்ளிப்போடுவது மட்டும் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. இருபத்தைந்து நாளில் ஒரு காலைப்பொழுதை ஸ்கானுக்குக் கொடுத்தால் கந்தன் கோபிக்க மாட்டான்.

படத்தில் என்ன தெரிகிறது

ஒரே இடத்தைப் பல விதமாகப் படம் பிடிப்பார்கள். டி1 வகையில் கொழுப்பு வெள்ளையாகவும் நீர் கறுப்பாகவும் தெரியும். டி2 வகையில், கொழுப்பின் ஒளியை அடக்கிவிட்டால், நீர் உள்ள இடமெல்லாம் வெள்ளையாக ஒளிரும். புற்றுக்கட்டியிலும் நீர்ப்பங்கு கூடுதலாக இருப்பதால் அதுவும் பெரும்பாலும் வெள்ளையாகத்தான் தெரியும். இங்கேதான் சிக்கல். ஒப்பரேஷன் குழிக்குள் தேங்கிய நீரும் வெள்ளை, கதிர்ச் சிகிச்சையால் வீங்கிய தசையும் வெள்ளை.

மூன்றையும் பிரிக்க நிபுணர் முதலில் வடிவத்தைப் பார்ப்பார். கதிர்ச் சிகிச்சையின் வீக்கம் இறகு போலத் தசைநார்களின் வழியே பரவி நிற்கும். அதற்குள் உருண்டையாக எதுவும் இருக்காது, தசையின் உள்ளமைப்பு அப்படியே தெரியும். இந்த வீக்கம் சிகிச்சை முடிந்து மாதக்கணக்கில் கூடி, பிறகு ஆண்டுக்கணக்கில் மெல்ல வடியும். ஒரு வருடம் கழித்தும் "வீக்கம் இருக்கிறது" என்று அறிக்கையில் கண்டால் அதனால்தான். நோய் திரும்பியது அநேகமாக முடிச்சுப் போல, விளிம்போடு ஒரு உருவாகத் தெரியும்.

பிறகு ஊசி மருந்து. தேங்கிய நீருக்குக் குருதி ஓட்டம் இல்லை. எனவே மருந்து உள்ளே போகாது, சுற்றிவர மெல்லிய கோடு மட்டும் ஒளிரும். உயிருள்ள கட்டிக்குள் மருந்து போய் உள்ளேயும் ஒளிரும். மிக்ஸொயிட் என்ற வகைச் சார்க்கோமா வழுவழுப்பான பொருள் நிறைந்தது, டி2 படத்தில் அசல் நீர்க்கட்டி மாதிரியே ஏமாற்றும். ஊசி போடாமல் எடுத்த படத்தில் அதை நீர் என்று தள்ளிவிட வாய்ப்பிருக்கிறது. "ஊசி வேண்டாம், சும்மா எடுங்கோ" என்று கேட்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். தழும்பும் முதல் மாதங்களில் மருந்தை எடுத்து ஒளிரும். முதிர முதிரத்தான் கறுத்துச் சுருங்கும். நீரின் அசைவை அளக்கும் டிபியூஷன் படமும், மருந்து எவ்வளவு வேகமாக உள்ளே வருகிறது என்று பார்க்கும் தொடர்ப் படமும் சில இடங்களில் சேர்த்து எடுப்பார்கள். இவ்வளவுக்குப் பிறகும் சந்தேகம் மிஞ்சும் படங்கள் உண்டு. அப்போது பழைய சி.டி தட்டைத்தான் கேட்பார்கள்.

அறிக்கையைக் கையில் எடுத்தால்

அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கும். வீட்டில் படித்த பிள்ளை கூகுளில் போட்டு வாசிக்கத் தொடங்கும் முன் சிலவற்றைத் தெரிந்துகொள்ளுங்கள். சீரோமா என்பது தேங்கிய நீர், புற்றுநோய் அல்ல. போஸ்ட் ஒப்பரேட்டிவ் சேஞ்சஸ் என்றால் ஒப்பரேஷனால் வந்த மாற்றங்கள். என்ஹான்ஸ்மென்ட் என்றால் மருந்தை எடுத்து ஒளிர்ந்தது. அந்தச் சொல் மட்டும் ஒன்றையும் தீர்மானிக்காது, பக்கத்தில் நொடியூலர் என்று முடிச்சைக் குறிக்கும் சொல் இருந்தால் வைத்தியர் கூர்ந்து பார்ப்பார். இன்டிடேர்மினேட் என்றால் இப்போதைக்கு இரண்டு பக்கமும் சொல்ல முடியாது என்று அர்த்தம். அதோடு சில வாரம் அல்லது மாதம் கழித்து மறுபடி எடுக்கச் சொல்லியிருப்பார்கள். இந்த விடை எரிச்சலாக இருக்கும். ஆனால் அவசரப்பட்டு வெட்டித் திறப்பதைவிடக் குறுகிய இடைவெளியில் இன்னொரு படம் பல வேளைகளில் நல்ல வழி.

முந்திய படத்தோடு ஒப்பிட்டதாக அறிக்கையில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பழைய சி.டி தட்டைக் கொண்டுபோய், ஒப்பிட்டு ஒரு வரி சேர்த்துத் தர முடியுமா என்று மரியாதையாகக் கேட்கலாம். அது உங்கள் உரிமைக்குள் அடங்கியதுதான்.

சந்தேகம் என்று வந்தால்

எம்.ஆர்.ஐ சந்தேகத்தைத்தான் சொல்லும். உறுதி சொல்வது இழையப் பரிசோதனை. அல்ட்ராசவுண்டிலோ சி.டி ஸ்கானிலோ பார்த்துக்கொண்டு தடித்த ஊசியால் ஒரு துண்டு எடுப்பார்கள். அதை எந்த வழியாக எடுப்பது என்பதுகூட அடுத்த ஒப்பரேஷனைப் பாதிக்கும், எனவே சார்க்கோமாவைப் பார்க்கும் குழுவோடு பேசித்தான் செய்ய வேண்டும். "சின்னக் கட்டிதானே, மரக்கச் செய்து எடுத்துவிடுவம்" என்று யாரும் சொன்னால் சம்மதிக்காதீர்கள். திட்டமில்லாமல் வெட்டியதால் நோய் பரவிய இடத்தைத் தேடிப் பெரிதாக மறுபடி வெட்ட வேண்டிவந்த கதைகள் இந்த நோயில் உலகம் முழுவதும் உண்டு.

உறுதியானால் நெஞ்சுக்கு சி.டி ஸ்கான் எடுப்பார்கள். வெட்டிய இடத்தில் மட்டும் திரும்பியதென்றால் பலருக்கு மறுபடி ஒப்பரேஷன் செய்யலாம், கை காலை எடுக்காமலே செய்ய முடிந்தவர்களும் நிறைய. வைத்தியரிடம் நேராகக் கேளுங்கள்: எவ்வளவு பெரிது, நரம்புக்கும் பெரிய குருதிக்குழாய்க்கும் எவ்வளவு கிட்ட, முன்பு கதிர்ச் சிகிச்சை பிடித்த இடத்துக்கு மறுபடி பிடிக்க முடியுமா, மகரகமவுக்கு அனுப்ப வேண்டுமா. பதிலைக் கொப்பியில் எழுதித் தரச் சொல்லுங்கள். பதற்றத்தில் கேட்டது பாதி வீட்டுக்கு வருமுன் மறந்துவிடும்.

இரண்டு ஸ்கானுக்கு இடையில்

கை காலில் திரும்பும் கட்டிகளில் பலவற்றை முதலில் கண்டுபிடிப்பது நோயாளியின் விரல்தான். மாதம் ஒருமுறை குளிக்கும்போது தழும்பையும் சுற்றியுள்ள தசையையும் ஆறுதலாகத் தடவிப் பாருங்கள். முதுகுப்பக்கம் என்றால் வீட்டில் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். புதிதாக ஒரு முடிச்சு, பழைய தடிப்பு பெருப்பது, புது நோ, விறைப்பு, கால் வீங்குவது என்று ஏதாவது கண்டால் அடுத்த ஸ்கான் திகதி வரும்வரை இருக்க வேண்டாம், கொப்பியோடு கிளினிக்குக்குப் போங்கள். போன மாதம்தான் எம்.ஆர்.ஐ நல்லது என்று வந்தது என்பது காத்திருப்பதற்குக் காரணமாகாது. வலி இல்லை என்பதும் காரணமாகாது, இந்தக் கட்டிகள் பெரும்பாலும் வலிக்காமல்தான் வளரும்.

ஐந்து வருடம் தாண்டினால் வருடத்துக்கு ஒரு தடவைதான் கூப்பிடுவார்கள். அதையும் விட்டுவிடத் தோன்றும். சினோவியல் சார்க்கோமா, சில கொழுப்பு வகைச் சார்க்கோமாக்கள் எல்லாம் அதற்குப் பிறகும் திரும்பக்கூடியவை. உங்களுடையது எந்த வகை என்று இழையப் பரிசோதனை அறிக்கையில் இருக்கும். அந்தப் பெயரை வைத்தியரிடம் காட்டி, எத்தனை வருடம் வரவேண்டும் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.